பெரியவர்களுக்கு மாறுகண் ஆபரேஷன்: முதல் நாள் முதல் சில வருஷம் வரை

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சின்ன வயதில் விட்டுவிடுவார்கள். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் அது குறையாகிறது. அப்போது "வயசாயாச்சு, இனி செய்யாண்டாம்" என்று இன்னொரு கூட்டம் தடுக்கும். இரண்டுமே தப்பு. 25 வயதிலும் செய்யலாம், 60 வயதிலும் செய்யலாம். ஆனால் இந்த ஆபரேஷன் கண்ணின் கோணத்தைத்தான் மாற்றும். சின்ன வயதிலேயே மங்கிப்போன சோம்பேறிக் கண்ணுக்கு இதனால் பார்வை திரும்பாது, போட்டிருக்கும் கண்ணாடியும் போகாது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அதிகமாக இழுக்கும் தசையைக் கழற்றிச் சில மில்லிமீட்டர் பின்னால் தைப்பார்கள். தளர்ந்த தசையென்றால் கொஞ்சம் வெட்டிக் குறுக்கித் தைப்பார்கள். கண்ணை வெளியே எடுத்து வைத்துத் தைப்பது என்பதெல்லாம் டீக்கடைக் கதை. கண் உள்நோக்கித் திரும்பியிருந்து, விலகல் 30 பிரிசம் (முப்பட்டைக் கண்ணாடி வைத்து அளக்கும் கோணத்தின் அளவு) என்றால், வழக்கமான அட்டவணைப்படி இரண்டு கண்ணின் உள்தசையையும் 4.5 மில்லிமீட்டர் வீதம் பின்தள்ள வேண்டும். 50 பிரிசம் என்றால் 6 மில்லிமீட்டர். "நல்லா இருக்கிற கண்ணை ஏன் தொட்டாங்க?" என்று வீட்டில் சண்டை வருவது இதனால்தான். விலகலை இரண்டு கண்ணுக்கும் பங்கிட்டால் ஒரே தசையை அளவுக்கு மீறி நகர்த்த வேண்டியிருக்காது.

அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கோணம் மாறும். அதனால் டாக்டரின் பெயரைவிட அளவெடுக்கும் விதத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பவர் சரியான கண்ணாடியோடு 6 மீட்டர் தூரத்திலும் கைக்கெட்டும் தூரத்திலும், ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடித் திறந்து, பிரிசம் வைத்து அளக்க வேண்டும். வேறொரு நாள் திரும்ப அளந்தாலும் அதே எண் வர வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் தேதி தருகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய போட்டோக்களை எடுத்துப் போங்கள். விலகல் எந்த வயதில் தொடங்கியது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். சர்க்கரை நோயால் நரம்பு தளர்ந்து திடீரென்று கண் திரும்பியிருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். 6 மாதமாவது பொறுக்காமல் கத்தி வைக்கக்கூடாது. தைராய்டு நோயால் கண் திரும்பிய "தைராய்டு கண்" என்றாலும் நோய் அடங்கி, அளவு 6 மாதம் மாறாமல் நிற்க வேண்டும்.

இந்த ஆபரேஷனுக்கு நாகர்கோவிலிலிருந்து போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், திருநெல்வேலி சுமார் 80. எந்தப் பக்கம் போனாலும் அன்றைக்கே திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தசையை இழுக்கும் ஆபரேஷனில் வாந்தி அதிகம். வெறும் வயிற்றோடு கிடந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் காற்றில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் பாடு தெரியும். மறுநாள் கட்டவிழ்த்துப் பார்க்க எப்படியும் போகணும், ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். தசையை இழுக்கும்போது இதயத் துடிப்பு குறைவதுண்டு. கண்ணுக்கு எதற்கு ஈசிஜி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரை முதலில் பார்க்கும் நாளே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது.

சில இடங்களில் பெரியவர்களுக்குச் சுருக்கு முடிச்சுத் தையல் போடுவார்கள். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ, மரத்துப்போகும் சொட்டு விட்டு, விழித்திருக்கும்போதே கோணம் பார்த்து முடிச்சை இறுக்குவார்கள் அல்லது தளர்த்துவார்கள். வலியைவிட உள்ளே இழுபடுகிற உணர்வும் குமட்டலும்தான் அதிகம். திரும்பவும் செய்யும் ஆபரேஷனுக்கும் தைராய்டு கண்ணுக்கும் இந்த வசதி இருக்கிற இடமாகப் பார்ப்பது நல்லது.

முதல் நாள் கண்ணீரில் ரத்தம் கலந்து வரும், பயப்பட வேண்டாம். கண்ணை அசைத்தால் ஒரு வாரம் வரை வலிக்கும். தையல் நூல் தானே கரைந்துவிடும், அதுவரை மணல் விழுந்த மாதிரி உறுத்தும். வெள்ளை விழியில் சிவப்பு 6 முதல் 8 வாரம் நிற்கும். பெண் பார்க்கும் தேதியோ பாஸ்போர்ட் போட்டோவோ அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆளை அதிகம் பயமுறுத்துவது இரட்டைப் பார்வை. கண் நகர்ந்துவிட்டது, மூளை பழைய கணக்கிலேயே நிற்கிறது. பெரும்பாலானோருக்குச் சில நாளிலிருந்து சில வாரத்தில் அடங்கும். வெளிநோக்கிய மாறுகண்ணுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் உள்நோக்கித் தள்ளி வைப்பதுண்டு, நாள்பட வெளியே நழுவும் என்பதால். முதல் வாரம் கண்ணாடியில் பார்த்து "தப்பா வச்சிட்டாங்க" என்று முடிவுகட்டக்கூடாது. மூக்குக்கண்ணாடியின் ஒரு சில்லில் மைக்ரோபோர் டேப் (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) ஒட்டினால் இரண்டாகத் தெரிவது ஒன்றாகும். இரட்டை தெரிகிறவரை பைக் ஓட்டாதீர்கள், பனை, தென்னை ஏறாதீர்கள். படியிறங்குவதும் டம்ளரில் டீ ஊற்றுவதும்கூடத் தவறும்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் 2, 3 வாரம் லீவு எடுங்கள். பால் உறைய விடும் ஆசிட்டின் நெடி புண்ணுக்கு ஆகாது. கடலுக்குப் போகிறவர்கள் 4 வாரம் போகக்கூடாது, திற்பரப்பு அருவிக்கும் அதே கணக்கு. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், இளநீர் குழம்பு என்கிற ஆயுர்வேதக் கண் மருந்து என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். தையல் போட்ட கண்ணில் இவை எதுவும் கூடாது. மீன் சாப்பிடலாம், பத்தியம் ஒன்றும் கிடையாது.

சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும். வாரத்துக்கு வாரம் குறைத்து நிறுத்த வேண்டியது. சிவப்பு போகவில்லையே என்று மெடிக்கலில் சொல்லி அடுத்த பாட்டில் வாங்கினால் கண்ணின் அழுத்தம் ஏறலாம். வலி குறைந்து வந்து மூன்றாம், நான்காம் நாள் திரும்ப ஏறினால், இமை வீங்கினால், சீழ் வந்தால், பார்வை மங்கினால், கண் திடீரென்று ஒரு பக்கம் ஒதுங்கி நகர மறுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கடைசியாகச் சொன்னது தைத்த தசை நழுவியதன் அடையாளம். சீக்கிரம் திறந்து தேடினால்தான் எளிதாகக் கிடைக்கும்.

புதுக் கண்ணாடிக்கு 2 மாதம் கழித்துத்தான் பவர் பார்க்க வேண்டும், அதற்கு முன் பவர் ஆடும். இறுதிக் கோணமும் அப்போதுதான் தெரியும். உள்நோக்கிய கண் நேரானவர்களுக்குப் பக்கவாட்டுப் பார்வை அகலும். ரோடு கடக்கும்போது அது புரியும்.

ஒரு கண் மங்கலாக இருப்பவர்களுக்குச் சில வருஷத்தில் அந்தக் கண் மறுபடி வெளியே ஒதுங்கலாம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காததால் நேராகப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, ஆபரேஷன் தோற்றதாக அர்த்தமில்லை. திரும்பச் செய்யலாம். அப்போது டாக்டர் முதலில் கேட்பது, எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் "மாறுகண் அறுவை" என்று மட்டும் எழுதியிருந்தால் பில் கட்டும் முன்பே அந்த எண்களை எழுதி வாங்குங்கள். ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே அதையும் வையுங்கள்.