நீங்க தூங்கியிருந்தா நானும் தூங்கினேன்: ஷோனா ஆப், மூணு வருஷ அனுபவம்

அடுத்த மாசம் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேவுக்கு வேலைக்கு வரப்போற நண்பன் கேட்டான்: "டேய், அந்த ஊர் ஷோனா மொழியைக் கத்துக்க ஒரு ஆப்புக்குக் காசு கட்டினியே, தேறுமா?" வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்தேன், ஏழு நிமிஷம் தாண்டியும் திட்டி முடியவில்லை. அழித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் பாடம் "வகடீ?" எப்படி இருக்கே என்று அர்த்தம். எப்படி இருக்கீங்க இல்லை, இருக்கே! அப்பா வயசுள்ள எங்கள் கேட் வாட்ச்மேனிடம் வந்த மூணாம் நாளே இதை வீசினேன். மனுஷன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தப்பு என்று புரிந்தது தக்காளிக்கார அம்மாவிடம்தான். "மகடீ" என்று நிறுத்தி, அந்த 'ம'வை அழுத்தி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார். ஒரே ஆளாக இருந்தாலும் பெரியவர் என்றால் பன்மை. நம்மிடம் 'நீங்க' இல்லையா, அதேதான். ஒரு தமிழனுக்கு இதை அரை நிமிஷத்தில் விளக்கிவிடலாம். ஆப் பதினோராவது பாடத்தில் சொல்கிறது. ரெண்டு தடவை புகார் எழுதினேன், கருத்துக்கு நன்றி என்று ரெண்டு தடவை பதில் வந்தது.

உச்சரிப்பும் ஒழுங்காக இல்லை. பகல் எப்படிப் போச்சு என்று மத்தியானம் கேட்கிற "மஸ்வேரா செய்"யை இங்கே "மஸ்க்வேரா" என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் இல்லாத 'க்' எங்கிருந்து வருகிறது என்று ஆப் வாயைத் திறக்காது. கை தட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. மரியாதையாக வணக்கம் சொல்லும்போது ஆண்கள் விரலோடு விரல் சேர்த்துத் தட்டையாகத் தட்டுவார்கள், பெண்கள் உள்ளங்கையைக் குழித்துக் குறுக்காக. நான் ஆறு மாசம் பெண்கள் மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். (காலை வணக்கம் "மங்க்வானானி". கடைசி 'னி'யை விழுங்கினால் அது 'நாளைக்கு'. அதையும் செய்தேன்.)

சரி, நியாயமாகவும் சொல்லணும். "மராரா ஹேரே?", தூங்கினீங்களா என்று கேட்டால், "ண்டராரா கனா மராராவோ" என்று சொல்லணும். நீங்க தூங்கியிருந்தா நானும் தூங்கினேன். 'கனா' என்றால் 'என்றால்'. இந்த ஒரு வரியை ஆப் அருமையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது. அன்று ராத்திரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். என் தூக்கம் நல்ல தூக்கமா என்பது எதிரில் நிற்கிறவர் தூக்கத்தைப் பொறுத்தது! மறுநாள் வாட்ச்மேனிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார். இப்போதும் தினமும் இதில்தான் ரெண்டு நிமிஷம் போகிறது. ஆபீசுக்கு லேட்டானாலும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் மனசில்லை.

ஹராரேயில் ஆங்கிலத்தை வைத்தே பிழைத்துவிடலாம். ஆனால் வணக்கம் சொல்லாமல் எடுத்த எடுப்பில் "தக்காளி எவ்வளவு?" என்று கேட்டுப் பார், முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

அதனால் ஆப்பை எடுக்காதே. தக்காளிக்கார அம்மா இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார்.

நான் போன வாரம் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், அது வேற கதை. பாதி விலைக்கு விட்டான். புது வெர்ஷனாம். காசு கட்டின கையோடு திறந்தேன். முதல் பாடம்: "வகடீ?"