ஃபாக்ஸ்புரோ: வேகத்துக்குக் குறைவில்லை, விற்கத்தான் ஆளில்லை

ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில், லெட்ஜர், இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எழுதும் கருவி ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள். டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து ஃபாக்ஸ்புரோ 2.6-இல் தொடங்கினேன், இப்போது அதன் விண்டோஸ் வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9. அது வெளியானது 2004 டிசம்பரில். அதற்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை, வரப்போவதும் இல்லை.

முதலில் வேகம். பல ஆண்டுக் கணக்கு சேர்ந்த லெட்ஜரில் ஒரு பார்ட்டியின் பாக்கியைக் கேட்டால், என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் திரையில் வந்து நிற்கும். 1991-இல் 2.0 பதிப்போடு வந்த ரஷ்மோர் என்ற உத்திதான் காரணம். பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டாமல், புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்ற இண்டெக்ஸைப் பார்த்தே எவை பொருந்தும் என்று தீர்மானித்துவிட்டு, வேண்டியதை மட்டும் வட்டிலிருந்து எடுக்கும்.

குறைகளும் உண்டு. தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்பு ஒன்று 2 ஜிபியைத் தாண்ட முடியாது. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் இண்டெக்ஸ் கெட்டுப்போகலாம். அதற்காகவே மெனுவின் கடைசியில் ‘ரீஇண்டெக்ஸ்’ என்று ஒன்று வைத்திருப்பேன். மண்டி குமாஸ்தாக்கள் கடை திறந்ததும் சூடம் காட்டுவதுபோல் அதை அழுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். யூனிகோடு இதற்குத் தெரியாது. பார்ட்டி பெயரைத் தமிழில் போட பழைய 8 பிட் எழுத்துருதான் கதி. வாட்ஸ்அப்பில் வந்த பெயரை வெட்டி ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். ‘அது எப்போதோ செத்துப்போன மென்பொருளாமே’ என்ற பேச்சைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

இந்தப் பேச்சுக்கு வேர் 1992-இல் இருக்கிறது. ஓஹையோ மாநிலத்துப் பெரிஸ்பர்க்கில் டேவ் ஃபுல்டன் நடத்திய, ஃபாக்ஸ்புரோவை உருவாக்கிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை அந்த ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தன் சொந்தத் தரவுத்தள மென்பொருளான அக்ஸஸை வெளியிட்டது. எஸ்கியூஎல் சர்வர் என்ற பெரிய தரவுத்தளமும் ஏற்கெனவே கையில் இருந்தது. ரஷ்மோர் உத்தி அக்ஸஸ் 2.0-க்குள்ளும் போய்ச் சேர்ந்தது. 1998-இல் நிரலாளர் கருவிகளைச் சேர்த்து விற்ற விஷுவல் ஸ்டூடியோ 6 பெட்டிக்குள் ஃபாக்ஸ்புரோவும் இருந்தது. 2002-இல் அதன் அடுத்த பதிப்பாக வந்த டாட் நெட் பெட்டியில் அதற்கு இடமில்லை. 2007 மார்ச்சில் இனி 10-ஆம் பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். ஸ்பானிய மொழிப் பயனர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திப் பார்த்தார்கள், முடிவு மாறவில்லை. 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது.

கெட்ட எண்ணத்தில் கொன்றார்கள் என்று நம் ஆட்கள் பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. விற்பவரின் கணக்கைப் பாருங்கள். நான் ஒரு பிரதி வாங்குகிறேன். அதில் எழுதியதை எத்தனை கடைகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். கடைக்காரர் தனியாக உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. எஸ்கியூஎல் சர்வரிலோ சர்வருக்கும் இணையும் ஆட்களுக்கும் உரிமம் விற்கலாம். அப்படியிருக்க, ஃபாக்ஸ்புரோவுக்கு விளம்பரம் கொடுப்பது தன் விலை உயர்ந்த சரக்குக்குத் தானே போட்டி வளர்ப்பது. எந்த மேலாளர் அதற்குப் பணம் ஒதுக்குவார்? ஏற்கெனவே வைத்திருப்பவன் எப்படியும் விடமாட்டான், புதியவனை அக்ஸஸ் பக்கமோ சர்வர் பக்கமோ அனுப்பிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இத்தனைக்கும் இந்தக் குடும்பமே விளம்பரத்தால் வளர்ந்தது. ஃபாக்ஸ்புரோவுக்கு முன்னோடியான, குடும்பத்தின் மூத்த சரக்கான டிபேஸை ‘டிபேஸ் II’ என்றுதான் முதலில் விற்றார்கள். ‘I’ என்று ஒன்று சந்தைக்கு வரவே இல்லை. நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். டேட் உண்மையான ஆள், ஆஷ்டன் கற்பனை! அந்த டிபேஸும் 1991-இல் போர்லண்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் விண்டோஸ் பதிப்பு 1994-இல்தான் வந்தது. அதற்குள் சந்தை கைவிட்டுப் போயிருந்தது.

ஆக, விளம்பர வேலை என்னைப் போன்றவர்கள் தலையில் விழுந்தது. ஒரு மண்டியில் எம்பிஏ முடித்து வந்த மகன், அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டான்: “ஏங்ண்ணா, இதை இப்போதும் யாராவது விற்கிறார்களா?” இல்லை என்றேன். “அப்புறம் நாம் மட்டும் எதற்கு வைத்திருக்க வேண்டும்?” வேகத்தைக் காட்டினேன்; அவன் செல்பேசியைக் காட்டி, இதில் வருமா என்றான். வராது. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸுக்கான ஜேசான் கோப்பை இதே 2004-ஆம் ஆண்டுச் சரக்கில்தான் உருவாக்கி அனுப்புகிறோம் என்று சொன்னபோது அப்பா தலையாட்டினார். மகன் ஆட்டவில்லை.

புதிய வாடிக்கையாளருக்கு இப்போது நான் இதில் எழுதிக் கொடுப்பதில்லை. பழைய இடங்களில் திரையை அப்படியே விட்டு, தரவை மட்டும் ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக மரியாடிபி என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றி வருகிறேன்; 2 ஜிபி கவலை அதோடு தீர்கிறது. டாஸ் பதிப்பை இன்னமும் ஓட்டுபவர்கள் கவனிக்க: 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, டாஸைப் போலவே நடித்துக் காட்டும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்று வேண்டும். எழுதிக் கொடுத்தவரிடமிருந்து மூல நிரலை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸே திறந்துவிடும். ஆனால் கழிவும் கமிஷனும் எப்படிப் போட்டார்கள் என்பது நிரலில்தான் இருக்கும்.