வால் அறுந்தும் தளம் திரும்பிய பி-17: மொடல் எப்படி?

பி-17 என்பது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். நாமே பொருத்திச் செய்யும் இதன் மொடல் திருமலை (திருகோணமலை) டவுனில் கிடைக்காது, கொழும்பில் இருந்து கூரியரில் எடுப்பித்தேன். 1/72 அளவு, அதாவது அசலில் 72இல் ஒரு பங்கு; செட்டை நுனிக்கு நுனி 44 சென்ரிமீற்றர். சீனக்குடா விமானத்தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தப் பைத்தியம் வராமல் இருக்குமா?

பெட்டியில் இருப்பது ‘ஆல் அமெரிக்கன்’ என்று பெயர் வைத்த பி-17. 1943 பெப்ரவரி 1, துனிஸில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் ஜெர்மன் மெஸ்ஸர்ஸ்மித் 109 சண்டை விமானம் ஒன்று இதன் பின்பக்கத்தில் மோதியது. இடப்பக்க வால் செட்டை முழுசாகப் போய்விட்டது, உடம்பும் குறுக்கே பிளந்தது. அப்படியே அல்ஜீரியாவின் பிஸ்க்ராவில் இறக்கினார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

அட்டையில் அந்தப் பிளவைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் முழு வால்! நாமே வெட்ட வேண்டுமாம். சரி, வெட்டினால் விளிம்பு பிஸ்கட் மாதிரித் தடிப்பாக நிற்கிறது. உள்ளிருந்து அரத்தால் தேய்த்து, சோடா டின் தகட்டைக் கிழித்து ஒட்டிய பிறகுதான் கிழிந்த அலுமினியம் போலத் தெரிந்தது. இயந்திரங்கள் நான்கும் அருமை, ஸ்டிக்கர்தான் தண்ணீரில் போட்டதும் வெடித்துவிட்டது.

பொறுமை இருந்தால் வாங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.