ஷார்ட் சேலில் வீடு: ஏஜென்ட்டுக்கு மூன்று நட்சத்திரம்

கலிஃபோர்னியாவில் ட்ரேசி பக்கம் எங்களுக்கு ஷார்ட் சேலில், அதாவது பாக்கிக் கடனைவிடக் குறைந்த விலைக்கு வங்கி சம்மதத்தோடு விற்கும் முறையில், வீடு முடித்துக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு ஐந்துக்கு மூன்றுதான் தருவேன். பெயர் வேண்டாம், ஆள் கெட்டவர் இல்லை. 2008 சரிவில் பக்கத்து மவுண்டன் ஹவுஸில் வீட்டு விலையைவிடக் கடன் பெரிதாகிப்போன காலத்திலிருந்து இதே வேலையில் இருப்பவர்.

லிஸ்டிங் விலையைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அது ஆள் பிடிக்கப் போட்ட விலை. நஷ்டத்தை ஏற்கப்போவது வங்கி, அதனால் விற்பவர் கையெழுத்துப் போட்டாலும் வங்கி சரி என்றால்தான் விற்பனை. அவர்கள் தங்கள் ஆளை அனுப்பி மதிப்புப் போட்டு, அப்புறம் கூட்டிக் கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், சம்மதக் கடிதம் வந்த பிறகுதான் இன்ஸ்பெக்‌ஷன் கெடு தொடங்கும் என்று ஷார்ட் சேல் அடெண்டத்தில் (ஒப்பந்தத்தின் இணைப்பு) எழுதி வாங்கியிருந்தார். அது இல்லையென்றால் கிடைக்குமா என்றே தெரியாத வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் கூலி, அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) செலவு எல்லாம் தண்டம்.

சொதப்பியது இரண்டாவது கடனில். விற்பவர் இன்னொரு வங்கியில் அதே வீட்டின்மேல் ஹெலாக் (வீட்டை ஈடு வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) எடுத்திருந்தார், வீட்டின் உரிமையையும் அதன்மேல் உள்ள கடன்களையும் காட்டும் டைட்டில் ரிப்போர்ட்டில் அது பளிச்சென்று இருந்தது, ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. முதல் வங்கி ஒப்புக்கொண்ட பிறகு அந்த வங்கி, தனக்கு ஒதுக்கிய சில்லறை போதாது என்று முரண்டு பிடித்தது. இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் சம்மதக் கடிதமும் காலாவதி, எங்கள் வீட்டுக் கடனுக்கு வட்டியை மாறாமல் பிடித்து வைத்திருந்த ரேட் லாக்கும் காலாவதி, நீட்டிக்கத் தனியாகப் பணம் கட்டினோம். விற்பவர் தவணை கட்டாமல் வங்கி வீட்டை ஏலம் விடும் நிலையில் இருந்தால், விற்பனைப் பேச்சு ஓடுகிறது என்பதற்காக மட்டும் அந்த ஏலம் நின்றுவிடாது, தேதியைத் தள்ளிவைத்ததை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

விற்பவருக்கு இதில் பெரும்பாலும் ஒரு டாலர்கூட மிஞ்சாது, வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து? கடைசியாகச் சுற்றிப் பார்க்கப் போனபோது பின்பக்கம் ஏசி கண்டென்சர் இருந்த இடத்தில் வெறும் சிமென்ட் மேடை, சுவரிலிருந்து அறுத்த செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ட்ரேசி வெயில் தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும். 'ஆஸ் இஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே, என்றுதான் ஒப்பந்தம், வங்கி ஒரு பைசா குறைக்கவில்லை.

விற்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. கலிஃபோர்னியாவில் 2011 சட்டப்படி, ஷார்ட் சேலுக்கு எழுத்தில் சம்மதித்த வங்கி பொதுவாக மீதிக் கடனுக்காக உங்களைத் துரத்த முடியாது. வேறு மாநிலம் என்றால், மீதிக் கடனைக் கேட்க மாட்டோம் என்ற வாசகம் சம்மதக் கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். தள்ளுபடியான தொகையை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் வரலாம், வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

லீஸ் முடிகிறது, பள்ளி திறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவசரமில்லாதவர்கள் இவரைப் போன்ற அனுபவசாலியிடம் தாராளமாகப் போகலாம், டைட்டில் ரிப்போர்ட்டை மட்டும் முதல் வாரமே கேட்டு வாங்கி நீங்களே வரி வரியாகப் படியுங்கள்.