மலையேறும் போத்தல்: தடையா, வரியா, போத்தல் காசா?

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் சீசன் டிசம்பரில் உந்துவப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். அப்புறம் தென்மேற்கு மழை. படியோரத்தில் சீசன் முழுக்கச் சேர்ந்த வெறும் தண்ணீர்ப் போத்தல்களை அந்த மழை அடித்துக்கொண்டு வந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் போடும். தண்ணீர் வற்றினால், அதற்குள் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வெளியே தெரியும், பார்க்கப் போவோம். இப்போது கோயிலைச் சுற்றிப் போத்தலும் தெரிகிறது. இதே தண்ணீர்தான் களனி கங்கையாகிக் கொழும்புக் குழாய்க்கும் போகிறது. வீசுகிறவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் வேறொருவர். பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர்.

சரி, என்ன செய்யலாம்? எல்லோர் வாயிலும் முதலில் வருவது தடை. ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவில் அது வேலை செய்கிறது. வாசலில் பையைத் திறந்து பார்த்து, போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் அங்கே டிக்கெட் வெட்டும் வாசல் இருக்கிறது. இங்கே நல்லதண்ணிப் பக்கம் ஒரு பாதை, இரத்தினபுரிப் பக்கம் வேறு பாதைகள், இரவு முழுக்கச் சனம். யாரை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வது? சோறு கட்டும் பிளாஸ்டிக் தாளான லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தது. சோற்றுப் பார்சல் கட்டும் கடைகளை நீங்களே போய்ப் பாருங்கள்.

தடையின் விலையைத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வேறு விதத்திலும் பார்த்துவிட்டோம். 2015இல் கிளைபோசேட் புல்லு மருந்தை நிறுத்தினார்கள். புல் மட்டும் நிற்கவில்லை. கையால் பிடுங்க ஆள் போதாமல் வேறு மருந்து அடித்த இடங்களும் உண்டு, அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள்.

இரண்டாவது வழி வரி. கெடுதலுக்கு ஒரு விலை போடு, செய்கிறவன் யோசிப்பான் என்று 1920இலேயே பொருளியலாளர் பிகு எழுதிவிட்டார். அயர்லாந்து 2002இல் பிளாஸ்டிக் பைக்கு 15 யூரோ சதம் வரி போட்டதும் பாவனை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோகலாம் என்பதால் பைக்கு அது சரிவரும். நடுச்சாமத்தில் பாதி மலையில் தாகமெடுத்தவர் ஐந்து ரூபாய் வரிக்காகத் தண்ணீர் வாங்காமல் விடுவாரா? மேலே ஏற ஏற விலையும்தான் ஏறுகிறது, அதற்காக யாரும் வாங்காமல் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு: போத்தலைக் கீழே கொண்டுவந்தவரும் பற்றைக்குள் எறிந்தவரும் கட்டுவது ஒரே வரி.

மூன்றாவது, போத்தல் காசு: வாங்கும்போது கூடக் கட்டி, வெறும் போத்தலைக் கொடுத்துத் திருப்பி வாங்கும் காசு. இது நமக்குப் புதிதில்லை. சின்ன வயதில் சோடா வாங்க வெறும் போத்தலோடுதான் கடைக்குப் போவோம், இல்லாவிட்டால் போத்தலுக்கும் காசு கட்ட வேண்டும். லயத்துப் பக்கம் கண்ணாடிப் போத்தல் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன நம் சொந்தங்கள் வாழும் நீலகிரியில், மதுப்போத்தலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறையை 2022இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் கொண்டுவந்தார்கள். காட்டில் உடைந்த போத்தல் யானைக் காலில் குத்துவதுதான் காரணம்.

நல்லதண்ணியில் உரச்சாக்கோடு போத்தல் பொறுக்கும் ஒரு பையனைப் பார்த்தேன். மூடியைக் கழற்றி, காலால் மிதித்துத் தட்டையாக்கி, சாக்குக்குள் திணிக்கிறான். அரை லீட்டர்ப் போத்தல் சுமார் 15 கிராம்தான், ஒரு கிலோ சேர 65 போத்தலாவது வேண்டும். நிறுத்து வாங்கும் பழைய சாமான்காரர் தருவது சில்லறைக் காசு. அதனால் படியோரத்தில் கிடப்பதை மட்டும்தான் எடுக்கிறான், பள்ளத்தில் இறங்குவதில்லை. ஒரு போத்தலுக்கு 10 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். 135 போத்தல் சேர்ந்தால் 1,350 ரூபாய். 2024இல் தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு (ஒரு நாள் வேலைக்கு) நிர்ணயித்த அடிப்படைச் சம்பளமே அவ்வளவுதான். பள்ளத்தில் இறங்க ஆள் தேட வேண்டியிருக்காது.

என் வாக்கு இதற்குத்தான். ஆனால் சிக்கல் இல்லாமலில்லை. ஹட்டனில் வாங்கியதும் கொழும்பிலிருந்து கொண்டுவந்ததும் மலையில்தான் விழும். நல்லதண்ணிக் கடைகளில் மட்டும் போத்தல் காசுக்கு அடையாளமாக ஸ்டிக்கர் ஒட்டினால் ஸ்டிக்கர் இல்லாதது அப்படியே கிடக்கும், நாடு முழுக்கப் போட்டால் சின்னக் கடைக்காரர் வெறும் போத்தலை எங்கே அடுக்குவார்? அவருக்கும் போத்தலுக்கு ஒரு ரூபாயாவது கூலி வேண்டும். அதை யாரும் வந்து கேட்காத போத்தல் காசிலிருந்தே கொடுக்கலாம், அந்தக் காசு கம்பனிக் கணக்கில் தங்காமல் பிரதேச சபையிடம் வந்து சேர்ந்தால்.