லடாக் பயணத்துக்கு ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

லடாக்கில் ஒரே நாளில் 500 படங்கள் எடுத்துவிடுவோம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் படக் கோப்பு) சுமார் 25 முதல் 30 எம்பி இருக்கும், ஆக தினமும் 15 ஜிபி வரை சேரும். கிளவுடில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, லே நகரைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னலும் இருக்காது.

ஆக, படங்களைச் சேமிக்க ஒரு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும். விலைக்கு ஹார்ட் டிஸ்க்தான். அதே பணத்துக்கு, சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை விடப் பல மடங்கு இடம் கிடைக்கும். ஆனால் அதற்குள் சுழலும் தட்டுக்கு மேலே, மெல்லிய காற்றுப் படலத்தில்தான் எழுதும் முனை மிதக்கிறது. உயரம் கூடினால் காற்று குறையும், முனை தட்டில் உரசும் அபாயமும் கூடும். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளை இயக்கச் சொல்லப்படும் உயர வரம்பு சுமார் 3,000 மீட்டர். லே நகரமே 3,500 மீட்டர், பாங்காங் ஏரி 4,200க்கும் மேல்! அணைத்துப் பையில் வைத்திருந்தால் பிரச்சினையில்லை, இரவில் அறையில் படங்களை அதில் ஏற்றும்போதுதான் ஆபத்து.

எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்கினாலும் தாங்கும், வேகமும் அதிகம். என்னைக் கேட்டால் 1 டிபி எஸ்எஸ்டியே போதும், ஹார்ட் டிஸ்க் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், ஏற்றி முடித்ததும் மெமரி கார்டை அழித்துவிடாதீர்கள். நாலு 64 ஜிபி கார்டுகள் வாங்கி, நிறைந்ததைச் சட்டைப்பையிலும் எஸ்எஸ்டியைப் பையிலும் தனித்தனியே வையுங்கள்.