நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா: பிளக் வாங்குமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

எந்த ஸ்பார்க் பிளக் நல்லது என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் வரும் பதில், "இரிடியம் போட்டுவிடு, கவலையே இல்லை" என்பதுதான். விலை கூடினால் தரமும் கூடும் என்ற கணக்கு. நானும் சில வருடம் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். இப்போது வாங்குமுன் பானெட்டைத் திறந்து ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: பிளக் இருக்கும் இடத்துக்குக் கை நேராகப் போகிறதா, இல்லை நாலு சாமானைக் கழற்றினால்தான் போகுமா? எந்த உலோகம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். சாதாரண பிளக்கைச் "செப்பு பிளக்" என்பார்கள். பிளக்கின் நடுத் தண்டின் உள்ளே வெப்பத்தைக் கடத்தச் செம்பு இருப்பது உண்மைதான். ஆனால் அதே செம்பு பெரும்பாலான பிளாட்டினம், இரிடியம் பிளக்குகளுக்குள்ளும் இருக்கிறது. சாதாரண பிளக்கில் பொறி பாயும் முனை நிக்கல் கலவை. ஆகவே நிக்கல் பிளக் என்பதே சரி. அந்த முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் 0.4 முதல் 0.7 மி.மீ.தான், சீவிய பென்சில் முனை மாதிரி. நிக்கலை ஏன் அப்படிச் சீவவில்லை என்றால், உருகுநிலையைப் பாருங்கள்: நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸ், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அவ்வளவு மெல்லிசான நிக்கல் சீக்கிரமே கரைந்துபோகும்.

மெல்லிய முனைக்கு ஒரு லாபம் உண்டு. கூரான இடத்திலிருந்து பொறி தாவக் குறைந்த வோல்டேஜ் போதும். பொறிக்கான வோல்டேஜைத் தரும் காயிலுக்குச் சுமை குறையும், குளிர்ந்த இஞ்சின் கொஞ்சம் சுலபமாகப் பிடிக்கும். ஆனால் பெரிய லாபம் ஆயுள்தான். 2,000 சுற்றில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,000 முறை பொறி விடுகிறது. மணிக்கு 60 கி.மீ. சராசரியில் 30,000 கி.மீ. ஓட 500 மணி நேரம் ஆகும். பெருக்கினால் 3 கோடி பொறி. ஒவ்வொன்றும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைத் தின்றுவிட்டுப் போகிறது. நடுமுனைக்கும் எதிரே வளைந்து நிற்கும் எர்த் முனைக்கும் இடையிலான இடைவெளிதான் கேப். அது அகல அகல அதைத் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். காயில் அங்கேதான் திணற ஆரம்பிக்கிறது. நிக்கலுக்கு 30,000 முதல் 40,000 கி.மீ., பிளாட்டினத்துக்கும் இரிடியத்துக்கும் 1 லட்சத்தை ஒட்டி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பானெட்டுக்கு வருவோம். நாலு பிளக்கும் இஞ்சின் மேலேயே வரிசையாக நிற்கின்றன, கையேடும் நிக்கலையே சொல்கிறது என்றால் நிக்கலே போதும். அரை மணி நேர வேலை. அடிக்கடி கழற்றுவதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு முறையும் இஞ்சினின் உள்ளே எட்டிப் பார்த்த மாதிரி. முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் ஒழுங்காக இருக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பிசுபிசுப்பான கருப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. 1 லட்சம் கி.மீ. மூடியே வைத்திருந்தால் இதெல்லாம் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

குறுக்காக உட்கார்ந்த வி6 இஞ்சின், அதாவது ஆறு சிலிண்டரும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருப்பது, என்றால் கதையே வேறு. பல வண்டிகளில் பின்வரிசை மூன்று பிளக்குகளும் இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றினால் அதன் கேஸ்கெட்டும் புதிதாக வேண்டும். அங்கே நிக்கலைப் போடுவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் சூனியம். இரிடியம்தான், அதுவும் ஆறையும் ஒரே தடவையில். "முன்னால் இருக்கும் மூன்றை மட்டும் மாற்றிவிடுவோம்" என்ற சபலம் வரும், வழிவிடாதீர்கள். இந்த மாதிரி இஞ்சின்தான் உங்கள் முதல் பிளக் வேலை என்றால், ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதில் வெட்கமே வேண்டாம். இஞ்சின் பக்கவாட்டில் படுத்திருக்கும் பாக்ஸர் வண்டிகளும் ஏறக்குறைய அதே ரகம். பிளக்குக்கும் பாடிக்கும் நடுவே ராட்செட் திரும்பவே இடம் தேட வேண்டும்.

இரிடியம் போட்டதும் இழுவை கூடியது, மைலேஜ் கூடியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஒப்பிடுவது தேய்ந்துபோன பழைய பிளக்கோடு. அதே இடத்தில் புது நிக்கலைப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே சந்தோஷம் கிடைத்திருக்கும். நல்ல நிலையில் இருக்கும் இஞ்சினில் பிளக்கின் உலோகம் குதிரைத்திறன் தராது. எர்த் முனை இரண்டு, நாலு என்று வைத்த பிளக்குகளும் அப்படித்தான்: பொறி ஒரு நேரத்தில் ஒரு முனைக்குத்தான் தாவும். தேய்மானம் பங்கிடப்படுவதால் ஆயுள் கூடும், பொறி பெரிதாகாது.

பிளாட்டினம், நிக்கலுக்கும் இரிடியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளை. என் வண்டிக்கு என்றால் நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஓர் இடத்தைத் தவிர. ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. அதில் ஒரு பிளக்கில் பொறி நடுமுனையிலிருந்து எர்த்துக்குப் போகும். ஜோடிப் பிளக்கில் தலைகீழ். அதோடு ஒவ்வொரு பிளக்கும் தேவையற்ற இன்னொரு பொறியும் விடுவதால் தேய்மானம் இரட்டிப்பு. நடுமுனையில் மட்டும் பிளாட்டினம் வைத்ததைப் போட்டால், தலைகீழாகப் பாயும் பக்கத்தில் எர்த் முனை அரித்துப்போகும். இரண்டு முனையிலும் பிளாட்டினம் வைத்த இரட்டைப் பிளாட்டினமே அங்கே சரி. இதே காரணத்தால், சோதிக்கக் கழற்றினாலும் எந்தச் சிலிண்டரில் இருந்ததோ அதே சிலிண்டரில் திருப்பி மாட்டுங்கள்.

உலோகத்தை மாற்றலாம், வெப்ப எண்ணை மாற்றாதீர்கள். பிளக் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரியை அதுவே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டிப் போனால் பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் ஆபத்து. அந்த இடைவெளிக்குள் நிறுத்துவதுதான் வெப்ப எண்ணின் வேலை. இதில் ஒரு வேடிக்கை: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் சூட்டை வேகமாக வெளியேற்றும் "குளிர்" பிளக், பாஷில் எண் கூடினால் "சூடான" பிளக். ஒரு கம்பெனியின் எண்ணைப் பார்த்து இன்னொரு கம்பெனியில் அதே எண்ணை வாங்கினால் அவ்வளவுதான்.

அப்புறம் கேப். பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். நிக்கலில் எர்த் முனையை லேசாகத் தட்டியோ நெம்பியோ சரிசெய்துகொள்ளலாம், அது பொறுத்துக்கொள்ளும். இரிடியம் பொறுக்காது. கேப் அளக்கச் சாய்வான விளிம்பு வைத்த வட்டக் கேஜ் ஒன்று கிடைக்கும், பார்த்திருப்பீர்கள். அதை ஒருமுறை இரிடியம் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே நுழைத்து, "கொஞ்சம் அகலமாக்கலாம்" என்று திருப்பினேன். டிக் என்று மெல்லிய சத்தம். முனை எங்கே போனது என்று தரையில் தேடியதுதான் மிச்சம். புதுப் பிளக், வண்டியில் ஏறாமலேயே குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து இரிடியத்துக்குக் கம்பிக் கேஜ் மட்டும். பார்ப்பதோடு சரி, கேப் தப்பாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லிவிடுவேன். கீழே விழுந்த பிளக்கையும் போடுவதில்லை. பீங்கானுக்குள் விழுந்த விரிசல் வெளியே தெரியாது.

வயர் விஷயம்

காயிலிலிருந்து பிளக்குக்கு வோல்டேஜைக் கொண்டுபோவதுதான் பிளக் வயர். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் வண்டி என்றால் உங்களுக்கு வயரே இல்லை. காயிலுக்குக் கீழே தொங்கும் ரப்பர் குழாயில் வெடிப்போ, கரிக்கோடோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு மூன்று ரகம். முதலாவது கார்பன் வயர். நடுவில் கரி ஊறிய நார். நீளத்துக்கு ஏற்ப மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோஓம் தடை காட்டும். ரேடியோவில் கரகர சத்தம் வராமல் இருக்க வேண்டுமென்றே வைத்த தடை அது. குறை என்னவென்றால், வயரைப் பிடித்து இழுத்தாலோ மடக்கினாலோ உள்ளே நார் அறுந்துவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது. இரண்டாவது சுருள் வயர். நாருக்கு மேல் மெல்லிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். தடை மிகக் குறைவு. இரைச்சலைச் சுருளே அடக்கிவிடும், ஆயுளும் அதிகம். மூன்றாவது அசல் செம்பு வயர், இரு முனைத் தொப்பிகளில் தடை வைத்தது. ஐரோப்பிய வண்டிகளில் அதிகம். அந்தத் தடை இல்லாத வெறும் செம்பு வயரும் கிடைக்கும். அதைக் கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் மாட்டாதீர்கள். ரேடியோ மட்டுமல்ல, சென்சார்களும் குழம்பும்.

குறைந்த தடை என்றால் வலுவான பொறி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறி தாவும் கணம்வரை அந்த வயரில் கரண்ட் ஓட்டமே அநேகமாக இல்லை. ஓட்டமில்லாத இடத்தில் தடை எதைத் தடுக்கப்போகிறது? போதாக்குறைக்குப் பெயரில் "ஆர்" எழுத்து வரும் பிளக்குகளுக்குள்ளேயே ஏறக்குறைய 5 கிலோஓம் தடை இருக்கிறது. 7 மி.மீ. வயருக்குப் பதில் தடித்த 8 மி.மீ. வாங்குவதும் இந்த வகைதான்: கூடுவது மேலுறை, சக்தி அல்ல. சில வண்டிகளில் அது பழைய கிளிப்பில் உட்காராமல் சூடான பாகத்தின் மேல் போய்ச் சாய்ந்துகொள்ளும். வண்டியோடு வந்தது கார்பன் என்றால் சிலிக்கான் உறை போட்ட நல்ல கார்பன் வயரே போதும் என்பது என் கட்சி. ரொம்ப வருடம் வைத்து ஓட்டப்போகிறேன் என்பவர் சுருளுக்குப் போகலாம்.

பிளக் மாற்றும்போதெல்லாம் வயரையும் மாற்ற வேண்டுமா? தடை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். நீள வயருக்குத் தடை கூடுதலாக இருப்பது இயல்பு. குட்டையான வயர் ஒன்று நீளமானதைவிட அதிகம் காட்டினால் அதற்கு ஆயுள் முடிந்தது. இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு வயர்கள் மேல் தண்ணீரை மெல்லத் தூவிப் பார்ப்பதும் பழைய, நல்ல சோதனை. கசிவு இருந்தால் நீலப் பொறி ஓடுவது தெரியும். கையைத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் இருப்பது பல ஆயிரம் வோல்ட். பிளக்கை எட்டுவதே பெரும்பாடு என்ற வண்டியில் மட்டும் சோதனையெல்லாம் வேண்டாம், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொன்றாக. நாலு வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எதற்கு என்று நின்றால், சிலிண்டர்களில் பொறி விழும் 1-3-4-2 என்ற வரிசையை நினைவில் வைத்துத்தான் மீள வேண்டும். உங்கள் இஞ்சினின் வரிசை வேறாகவும் இருக்கலாம். வயரை இழுக்காமல், ரப்பர் தொப்பியைப் பிடித்து முதலில் திருகி அப்புறம் இழுங்கள். பிளக் குழியில் கிடக்கும் தூசியை ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

முடுக்குவதில் இரண்டு கட்சி உண்டு: கை அறியும் என்பவர்கள், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும் என்பவர்கள். நான் ரெஞ்ச் கட்சி. அலுமினிய ஹெட்டில் (பிளக் ஏறும் இஞ்சினின் மேல்பாகம்), வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷர் வைத்த புதுப் பிளக்கைக் கையால் இறுகும்வரை சுற்றி, பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றுதான். இதைக் குழப்பிக்கொண்டால் மரை போய்விடும். மரை போன ஹெட்டை வீட்டில் சரிசெய்வது நடக்கிற காரியமல்ல. இஞ்சின் ஆறியபின் வேலை செய்யச் சொல்வதும் மரையைக் காப்பாற்றத்தான். புதுப் பிளக்கை இறக்க ஒரு துண்டு ரப்பர் குழாயை அதன் தலையில் மாட்டிச் சுற்றுங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ராட்செட் வழுக்காது.

மரையில் கிரீஸ் தடவுவது பழைய ஆட்களின் பழக்கம். இன்றைய பிளக்குகளின் மரைக்கு உலோகப் பூச்சு இருக்கிறது; மேலே பசையும் தடவினால் அதே ரெஞ்ச் எண்ணில் அளவுக்கு மீறி இறுகும். என்ஜிகே வேண்டாம் என்றே சொல்கிறது, நானும் தடவுவதில்லை. ரப்பர் தொப்பியின் உள்ளே சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுவது வேறு விஷயம்: அடுத்தமுறை தொப்பி கிழியாமல் கழன்று வரும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்த பிறகும் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் இஞ்சின் மிஸ் அடித்தால், புதுப் பிளக்கைத் திட்டுமுன் தொப்பிகளைப் பாருங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் கடைசிவரை அழுத்துங்கள். "டக்" என்று உட்காராத ஒன்று எங்காவது நின்றுகொண்டிருக்கும்.